ஆண்டாள் பாடல்களும் தொகுப்பு இசைத்தட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள் பாடிய பாசுரங்கள் மொத்தம் 173. அவற்றில் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இசைத்தட்டு, ஒலிநாடா, வானொலி, கைப்பேசி ஆகியவற்றின் வழியே பொதுமக்களின் காதுக்கு அடிக்கடி வந்து சேர்பவை திருப்பாவையின் முப்பது பாசுரங்களும், 'வாரணம் ஆயிரம்' என்று அழைக்கப்படும் பதினொரு பாசுரங்களும், 'கற்பூரம் நாறுமோ' பதிகத்திலிருந்து சிலவும்தான். மேற்கத்திய ராக் இசைக்குழுக்கள் தங்கள் பாடல்களுள் மிகவும் விரும்பப்பட்டவற்றை மட்டும் எடுத்து 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில் வெளியிடுவது உண்டு. தமிழ்ப் பக்தி இசையில் அதற்கு மிக நெருங்கி வரும் நிகழ்வு ஆண்டாள் பாடல்களுக்கு நேர்ந்த இந்தத் தேர்வு. அது எப்படி நடந்தது, எதை நிலைநிறுத்தியது, எதை ஓரத்தில் வைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்னும் வகை

1958இல் அமெரிக்கப் பாடகர் ஜானி மாத்திஸின் வெற்றிப் பாடல்களைக் கொலம்பியா நிறுவனம் ஒரே நீள்தட்டில் தொகுத்து வெளியிட்டது. இவ்வகையின் முன்னோடியாக அத்தட்டையே பொதுவாகக் குறிப்பிடுவர். புதிதாக எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. கையிருப்பில் உள்ளதை அடுக்கினால் போதும். அதனால் நிறுவனங்களுக்கு இது செலவு குறைந்த, வரவு நிச்சயமான வணிகமாயிற்று. 1973இல் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் சிவப்பு, நீலம் என்ற இரு தொகுப்புகளாக வந்தன. அனுமதியின்றி ஒரு தொகுப்பு அமெரிக்காவில் விளம்பரம் செய்து விற்கப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம்.

1976 பிப்ரவரியில் வந்த ஈகிள்ஸ் குழுவின் தொகுப்பில் இருப்பவை பத்தே பாடல்கள். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 'பிளாட்டினம்' சான்று வழங்கிய முதல் தொகுப்பு அதுதான். 2018இல் அதே சங்கம் அதன் கணக்கை 3 கோடியே 80 லட்சம் என்று சான்றளித்தது. அக்குழுவின் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அந்தத் தட்டில் இல்லை. அது அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. எந்தத் தொகுப்பும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கையால் போடப்படும் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவை தலைமுறைகளைக் கடக்கின்றன. அந்தப் பக்கம் உள்ளவற்றைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நாதமுனிகளின் தொகுப்பு

ஆண்டாள் பாடல்கள் முதன்முதலில் தொகுக்கப்பட்டது அவர் காலத்துக்குச் சில தலைமுறைகள் கழித்து. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள், வழக்கொழிந்து கிடந்த ஆழ்வார் பாடல்களைத் தேடி மீட்டு நாலாயிரமாக வகுத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. யாத்திரிகர் சிலர் பாடிய ஒரு பதிகத்தைக் கேட்டபோது, அதன் இறுதிப் பாசுரம் அதனை ஆயிரத்துள் ஒரு பத்து என்று குறிப்பிட்டதாகவும், மீதியைத் தேடி அவர் திருக்குருகூருக்குப் போனதாகவும் அந்த மரபு சொல்கிறது. பத்து மட்டும் மக்கள் வாயில் நின்று, மற்றவை மறைந்துபோனதை உணர்ந்த ஒருவர் முழுமையைத் தேடிப் புறப்பட்ட கதை இது. வெற்றிப் பாடல் தொகுப்பின் வழிக்கு நேர் எதிரான வழி.

ஆனாலும் அவர் தொகுப்பிலும் ஒரு வரிசைத் தேர்வு உண்டு. ஆழ்வார்களுள் காலத்தால் முந்தியவர்கள் பொய்கை, பூதம், பேய் என்னும் மூவர். நாலாயிரத்தில் அவர்கள் வருவது இயற்பாப் பகுதியில்தான். தொகுப்பைத் திறப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு. பெரியாழ்வாரின் 473 பாசுரங்களுக்குப் பின் அவர் வளர்ப்பு மகளின் 173. ஆக முதலாயிரத்தின் முற்பகுதி முழுவதும், கணக்குக்கு 646 பாசுரங்கள், ஓர் ஊரின் ஒரு வீட்டிலிருந்து வந்தவை. முதலில் என்ன வைப்பது என்ற கேள்வி இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோயிலில் எழுந்துவிட்டது.

பாடல்களுக்குப் பண்ணும் தாளமும் வகுத்து, தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் நாதமுனிகள் கற்பித்தார் என்பதும் மரபு. அரையர் சேவை என்னும் கலை அதிலிருந்து தொடங்குவதாகக் கொள்வர். கூம்பு வடிவக் குல்லாயும் கைத்தாளமும் கொண்டு அரையர் பாசுரத்தை இசைப்பார், அபிநயம் பிடிப்பார், பின் உரை சொல்வார். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகியவற்றோடு இக்கலை இன்றும் உயிரோடிருக்கும் மிகச் சில தலங்களுள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்று.

முப்பதுக்கும் ராகம் வந்த விதம்

திருப்பாவையின் முதல் பாசுரம் என்றதும் பலர் நாட்டை ராகத்தில்தான் முணுமுணுப்பர். அந்த மெட்டு ஆண்டாள் காலத்தது என்று நம்புவோரும் உண்டு. உண்மையில் இன்று கச்சேரியிலும் தட்டிலும் கேட்கும் மெட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) அமைத்தவை. கோயில் கோஷ்டியில் திருப்பாவை சேவிக்கப்படும் முறை வேறு. அது ராக ஆலாபனைக்கு இடமில்லாத, குழுவாக ஓதும் முறை.

அரியக்குடியின் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் வைத்த ராகங்கள் முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்களில், இதே வரிசையில் அமைந்தவை. கச்சேரி உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஐந்து ராகங்களைத் தமிழ்ப் பாசுரத்தின் வாசலில் நிறுத்தியதன் மூலம், திருப்பாவைக்கு மேடையில் கீர்த்தனைக்குச் சமமான இடம் என்று அவர் சொல்லாமல் சொன்னார் எனலாம். ஏழாம் பாசுரத்துக்குப் பைரவி, எட்டுக்குத் தன்யாசி, பத்துக்குத் தோடி என்று கனமான ராகங்கள் தொடர்கின்றன. 27ஆம் பாசுரம் பூர்விகல்யாணி. 29க்கு மத்தியமாவதி, 30க்குச் சுருட்டி. இரண்டும் கச்சேரியை மங்களமாக முடிக்கப் பயன்படும் ராகங்கள். முப்பதையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒரு முழுக் கச்சேரி கேட்ட நிறைவு வரும்படி அமைத்திருக்கிறார்.

இதே காலத்தில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் திருப்பாவை, திருவெம்பாவை இரண்டையும் சேர்த்துப் பரப்பும் முயற்சியை ஊக்குவித்தார். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, கூட்டினால் அதுவும் முப்பது. மார்கழிக்கு வைணவத்தில் ஒரு முப்பது, சைவத்தில் ஒரு முப்பது என்ற அமைப்பு, நாளுக்கு ஒன்றாக ஒலிபரப்ப வானொலிக்கு மிகவும் வசதியாயிற்று.

மூன்று நிமிடக் கணக்கு

இசைத்தட்டின் வரலாற்றில் அளவுதான் பல விஷயங்களைத் தீர்மானித்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டில், பத்து அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அரைமணி நேரம் விரிக்க வேண்டிய கீர்த்தனையைச் சுருக்கிச் சுருக்கிப் பாடிப் பதிந்தார்கள் அக்கால வித்துவான்கள். எட்டடிப் பாசுரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. நிரவலும் சுரமும் இன்றிப் பாடினால் மூன்று நிமிடத்தில் நிறைவாக முடியும்.

1948இல் அமெரிக்காவில் நீள்தட்டு அறிமுகமானது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. பாசுரத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் முப்பதுக்கும் 90 நிமிடம். அதாவது இரண்டு நீள்தட்டுகளின் நான்கு பக்கங்கள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும். பக்திக் குறைவோ இலக்கிய மதிப்பீடோ இதில் நுழையவே தேவையில்லை. பெட்டியில் எது அடங்கும் என்ற கேள்வியே பாதி முடிவைச் செய்துவிட்டது.

அரியக்குடியின் மெட்டுகளை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் எம். எல். வசந்தகுமாரி (1928-1990). ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியான அவர், எச்.எம்.வி. நிறுவனத்துக்காக முப்பது பாசுரங்களையும் பாடினார். திரையில் புகழ்பெற்ற குரலும் கச்சேரிப் பயிற்சியும் ஒன்றாக வாய்த்தவர் என்பதால், ராகம் தெரியாதவரும் கேட்டார்கள், தெரிந்தவரும் குறைசொல்லவில்லை. பின்னர் எத்தனையோ பாடகர்கள் திருப்பாவையைப் பதிவு செய்தும், பலருக்குத் திருப்பாவை என்றால் அந்தக் குரலே.

1963இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நீள்தட்டாக வெளிவந்தது. திருமலையில் ஆண்டு முழுவதும் விடியலில் ஒலிப்பது சுப்ரபாதம். மார்கழி மாதத்தில் மட்டும் அதற்குப் பதிலாகத் திருப்பாவை சேவிக்கப்படும். தட்டுகள் வந்தபின் தமிழ்நாட்டு வீடுகளிலும் கோயில்களிலும் இதே மாற்றம் நடந்தது. மார்கழி பிறந்தால் ஒரு தட்டு உறைக்குள் போகும், இன்னொன்று வெளியே வரும்.

ஒலிபெருக்கியும் ஒலிநாடாவும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருப்பது ராஜபாளையம். ஒன்று கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். மற்றது நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். ராஜபாளையத்து ராஜுக்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். விஜயநகர காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்பவர்கள். ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக எழுதியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய இடங்களில் திருப்பாவை இன்றும் தமிழ்ச் சொற்களிலேயே, அவரவர் எழுத்தில் அச்சிட்டு ஓதப்படுகிறது. மொழி எல்லையைத் தாண்டியதும் இந்த முப்பதுதான், 143 தாண்டவில்லை.

தட்டும் தட்டுச்சுழற்றியும் வசதியுள்ள வீடுகளின் பொருள்கள். சாதாரண மக்களுக்குத் திருப்பாவையைக் கொடுத்தது மைக்செட்காரரின் குழாய் ஒலிபெருக்கி. மார்கழி விடியலில் கோயில் கோபுரத்திலோ வேப்பமரத்திலோ கட்டிய குழாயிலிருந்து வரும் பாட்டு, கோலம் போடுகிறவருக்கும், ஆலையின் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கும், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கும் ஒருசேரக் கேட்டது. கேட்க விரும்பாதவருக்கும் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருப்பாவையின் நேரமோ ஆறு மணிக்கு முன்னால்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஒலிநாடா, 1980களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பரவலானது. இதனோடு வந்தது 'ரெக்கார்டிங் சென்டர்'. வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடமுள்ள தட்டுகளிலிருந்து அவற்றை வெற்று நாடாவில் பதிந்து தருவார். 60 நிமிட நாடாவா, 90 நிமிட நாடாவா என்பது முதல் கேள்வி. பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். 1984இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியும் கடைகள் தொடர்ந்தன. இளையராஜா பாடல்களுக்கு மட்டுமன்றிப் பக்திப் பாடல்களுக்கும் இப்படிப் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்த வெற்றித் தொகுப்பின் தொகுப்பாளர் ஆனார். நிறுவனம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த முப்பதிலிருந்து இவர்கள் ஐந்தோ பத்தோ தேர்ந்தெடுத்தார்கள். சல்லடை இன்னும் சன்னமாயிற்று.

தொகுப்பில் இடம்பெறாதவை

நாச்சியார் திருமொழி பதினான்கு பதிகங்களைக் கொண்டது. ஆறாவது, தோழியிடம் சொல்லும் திருமணக் கனவு. இதுவே 'வாரணம் ஆயிரம்'. வைணவத் திருமணங்களில் ஓதப்படுவதால் அது தனியே புகழ்பெற்றது. 2008இல் ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கே அப்பெயர் வைக்கும் அளவுக்குப் பொதுச்சொத்தாயிற்று. ஏழாவதான 'கற்பூரம் நாறுமோ' கண்ணனின் சங்கைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். கச்சேரி மேடையில் அதற்கு இடம் உண்டு.

மற்ற பன்னிரண்டு? முதல் பதிகத்தில் ஒரு பெண் காமதேவனை நோன்பிருந்து வேண்டுகிறாள். நான்காவதில் கூடல் இழைத்துக் குறி பார்க்கிறாள். ஐந்தாவதில் குயிலிடம் பேசுகிறாள். எட்டாவதில் வேங்கடத்துக்கு மேகத்தைத் தூது விடுகிறாள். பதினொன்றில் கைவளை கழன்றது பற்றித் திருவரங்கன்மேல் குறை சொல்கிறாள். பன்னிரண்டில் தன்னை மதுரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுமாறு வீட்டாரிடம் மன்றாடுகிறாள், இது வடமதுரை. பதின்மூன்றில் அவன் உடுத்த ஆடையைக் கொண்டுவந்து தன் மேல் வீசச் சொல்கிறாள். திருப்பாவையில் பேசுவது தோழியர் கூட்டத்தோடு நீராடப் போகும் பெண்ணின் குரல். இங்கே தனித்து, ஏங்கி, சினந்து, உடலின் தவிப்பை மறைக்காமல் பேசும் குரல். ஒரே கவிஞரின் இரு குரல்களில் அதிகாலை ஒலிபெருக்கிக்கு ஒத்துவந்தது ஒன்றுதான்.

இதற்குத் தட்டு நிறுவனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. திருப்பாவைக்குத் தனிச்சிறப்புத் தருவது வைணவ மரபிலேயே பழையது; இராமானுசருக்குத் 'திருப்பாவை ஜீயர்' என்ற பெயர் உண்டு. அதே மரபு மற்றதை எறிந்துவிடவும் இல்லை. பெரியவாச்சான் பிள்ளை நாச்சியார் திருமொழி முழுவதற்கும் உரை எழுதினார். கோயில்களில் நாலாயிரம் முறையாகச் சேவிக்கப்படும்போது 143 பாசுரங்களும் ஓதப்படுகின்றன. இயந்திரம் செய்த வேறுபாடு வேறு வகையானது. கோயிலுக்குள் திருப்பாவைக்கு ஏற்றம், மற்றதற்கும் இடம் என்றிருந்தது. கோயிலுக்கு வெளியே திருப்பாவை மட்டும் என்றாயிற்று. கோயிலுக்கு வெளியேதான் பெரும்பாலோர் இருந்தார்கள்.

விளைவுகளில் ஒன்றை அண்மையில் காண முடிந்தது. 2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரையும் அதன் எழுத்து வடிவமும் பெரும் சர்ச்சையை உண்டாக்கின. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிற ஊர்களிலும் போராட்டங்கள் நடந்தன. வாரக்கணக்கில் நடந்த அந்த விவாதம் பெரிதும் ஆண்டாளின் பிறப்பையும் வாழ்வையும் பற்றியே சுழன்றது. அவர் தம்மைப் பற்றித் தாமே பேசும் நாச்சியார் திருமொழியை எடுத்துவைத்துப் பேசிய குரல்கள் குறைவு. ஆங்கிலத்தில் நிலைமை சற்று மேல். வித்யா தெஹேஜியா 1990இலும், அர்ச்சனா வெங்கடேசன் 2010இலும் இரு நூல்களையும் சேர்த்தே மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். தமிழ் அறியாத வாசகர் 173ஐயும் ஒரே அட்டைக்குள் படிக்கிறார். தமிழ் அறிந்த கேட்பவருக்கு முப்பது கிடைக்கிறது.

இப்போது தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. கைப்பேசிச் செயலிகளில் இடத்துக்குப் பஞ்சமில்லாததால் நாச்சியார் திருமொழி முழுப் பதிவாகவும் கிடைக்கிறது. ஏழு மணி நேரக் கணக்கு இனி யாரையும் தடுக்காது. ஆனால் தேடல் பெட்டியில் ஆண்டாள் பெயரை இட்டால் முன்னே வந்து நிற்பது அதிகம் கேட்கப்பட்டதுதான்.

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. அன்று ஒலிபெருக்கியில் 27ஆம் பாசுரம் பூர்விகல்யாணியில் ஒலிக்கும். அன்றே பல வைணவக் கோயில்களில் நூறு பாத்திரங்களில் அக்காரவடிசிலும் வெண்ணெயும் படைப்பார்கள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்ட ஆண்டாளின் வேண்டுதலைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், பின் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த அவரை ஆண்டாள் 'அண்ணா' என்று அழைத்தார் என்றும் மரபு சொல்கிறது. அந்த நேர்த்திக்கடன் இருப்பது திருப்பாவையில் அன்று. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில். வரிசையில் நின்று தொன்னையில் அக்காரவடிசில் வாங்கும்போது தலைக்கு மேலே குழாயில் ஓடிக்கொண்டிருப்பது வேறு பாட்டு.